அச்சமும் ஆளுகையும்

அச்சத்தை இழிந்த உணர்ச்சியெனக் கொள்வது உலக வழக்கு. வீரத்தைப் போற்றிய மரபுகள் யாவும் அச்சத்தை வீரத்தின் மறுதலையாகவே கண்டன. எனினும் தமிழின் மிகப் பழைய இலக்கண நூல் இவ்வழக்கோடு முற்றும் இயைந்து செல்லவில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், நகை அழுகை முதலாகிய எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என வரையறுக்கின்றது. அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை என்பன அவை. இவ்விடத்து அச்சம் குற்றமென்றோ குணமென்றோ மதிப்பிடப்படவில்லை. மனிதனுள்ளே தோன்றி மெய்யின்கண் வெளிப்படும் ஓர் உண்மையாகவே அது கொள்ளப்பட்டுள்ளது. திருக்குறள் இதனினும் ஒருபடி மேற்சென்று, தக்கவற்றைக் கண்டு அஞ்சுதலை அறிவுடைமை அதிகாரத்தினுள்ளேயே வைத்துப் பேசுகின்றது. அச்சம் அறிவின் ஒரு கூறு என்பது அதன் கருத்து.

அச்சம் அறிவின் கூறாயின் ஒரு வினா எழுகின்றது. ஆபத்தை அறிந்து அஞ்சிய ஒருவன், அவ்விடத்தை விட்டு அகலும் ஆற்றல் இல்லாதவனாயின் அவனது அச்சம் யாது பயன் தரும்? அறிவு செயலுக்கு வழிகாட்டுவது. செயலுக்கு வழியே இல்லாதவிடத்து அறிவின் நிலை என்ன? மனிதன் தன் வாழ்வைத் தானே ஆள வேண்டும் என்னும் வேட்கையை ஞானியர் பலர் மாயை என்றனர். உளவியலார் சிலர் இயல்பூக்கம் என்றனர். அவ்வேட்கையின் அறவியற் பெறுமதியை நூல்களில் மட்டும் வைத்து ஆராய்தல் போதாது. மலைநாட்டில், குறிப்பாக ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில், இவ்வினா மண்ணும் மழையும் கலந்து எழுந்திருக்கின்றது.

பதுளை மாவட்டத்து எல்ல என்னும் சிற்றூர் இன்று உலகப் பயணிகள் நன்கறிந்த இடமாகும். சிங்களத்தில் நீர்வீழ்ச்சியைக் குறிக்கும் சொல்லே ஊரின் பெயராயிற்று. அங்குள்ள மலை இடைவெளியினூடாகத் தெற்கே நோக்கினால், மலைநாடு திடீரென முடிந்து தாழ்நிலம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை விரிந்து கிடப்பதைக் காணலாம். 1921இல் கட்டப்பட்ட தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தின் விளிம்பிலே அமர்ந்து படம் எடுப்போரும், ஓடும் புகைவண்டியின் வாயிலிலே தொங்கி நிற்போரும், எல்லப் பாறையின் உச்சியிலே கால்களைப் பள்ளத்தின் மேல் நீட்டி இருப்போரும் அங்கு எந்நாளும் உளர். இவர்களும் அஞ்சுகின்றனர். ஆயின் அவ்வச்சம் விரும்பிப் பெற்ற அச்சம். விரும்பியபோது எழுந்து பின்னே வந்துவிடலாம் என்னும் உறுதி உள்ளத்தில் இருப்பதாலேயே அது இன்பமாகின்றது.

அதே மலைத்தொடரின் தென்சரிவிலே, எல்லவுக்குத் தென்மேற்கே, கொஸ்லந்தையை அடுத்து மீரியபெத்தைத் தோட்டம் உள்ளது. அங்கும் மக்கள் பள்ளத்தின் மேல் வாழ்ந்தனர், அவர்களும் அஞ்சினர். பின்னே வந்துவிடும் வழி அவர்களுக்கு இருக்கவில்லை. சரிவு ஒன்றே, அச்சம் இருவகைப்பட்டது. இவ்வேறுபாட்டை உணர்ச்சியின் அளவிலோ உயிரின் அருமையிலோ தேடுதல் வீண். தன் நிலையைத் தான் மாற்றிக்கொள்ளும் ஆற்றலிலேயே அது தங்கியிருக்கின்றது.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கடும் மழையின் பின்னர், மீரியபெத்தை லயங்களின் மேலிருந்த மலைப்பகுதி பெயர்ந்து இறங்கியது. லயங்களும் கோயிலும் பாதையும் சில நிமிடங்களில் சேற்றினுள் மறைந்தன. வேலைக்குப் புறப்பட்டோரும் பாடசாலைக்குச் சென்ற பிள்ளைகளும் தப்பினர். திரும்பி வந்தவர்களுக்கு வீடிருந்த இடமே அடையாளம் தெரியவில்லை. முதல் நாட்களில் நூற்றுக்கணக்கானோர் புதையுண்டதாகச் சொல்லப்பட்டது. பின்னர் அத்தொகை மிகவும் குறைந்தது. மண்ணினுள் சென்றவர்களுள் பலரின் உடல்கள் மீட்கப்படவேயில்லை. அவ்விடம் மண்சரிவு அபாயமுடையது, மக்கள் இடம்பெயர்க்கப்பட வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது என்பது பின்னரே நாடறிந்த செய்தியாயிற்று.

எச்சரிக்கை இருந்தது, மக்களும் இருந்தனர். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தோர் இலகுவான இரு விளக்கங்களைத் தந்தனர். ஒன்று, தோட்டத்து மக்கள் அறியாமையினால் எச்சரிக்கையைப் பொருட்படுத்தவில்லை என்பது. மற்றையது, அவர்கள் எல்லாவற்றையும் விதியின் மேல் ஏற்றிவிட்டு வாளாவிருப்பவர் என்பது. முதலாவது அவர்களது அறிவைக் குறைத்து மதிப்பிடுகின்றது. இரண்டாவது அவர்களது உள்ளத்தைக் குறைத்து மதிப்பிடுகின்றது. இரண்டுமே அச்சம் என்னும் உணர்ச்சியின் இயல்பைச் சரிவர நோக்காதவை.

உடலியல் அறிஞர் வால்டர் கனன் 1915இல் வெளியிட்ட நூலில், அச்சமும் சினமும் எழும்போது விலங்கின் உடலில் நிகழும் மாற்றங்களை விளக்கினார். இதயம் விரைகின்றது, குருதியிற் சர்க்கரை மிகுகின்றது, செரிமானம் தடைப்படுகின்றது. போரிடுதல் அல்லது ஓடுதல் என்னும் இரண்டனுள் ஒன்றுக்கு உடல் ஆயத்தமாகின்றது. இவ்வியல்பூக்கத்தின் தொழிற்பாட்டைத் தேயிலை மலையில் அடிக்கடி காணலாம். கொழுந்து பறிக்கும் பெண்கள் மீது குளவிக்கூட்டம் பாயும்போது ஆலோசனைக்கு இடமில்லை. கூடையை எறிந்துவிட்டு ஓடுகின்றனர். கனன் சொன்ன உடல் ஆயத்தம் அங்கு தன் கடமையைச் செய்கின்றது. சிலவேளை அவ்வோட்டமே வழுக்கி வீழ்த்திக் காயப்படுத்துவதும் உண்டு. எனினும் அச்சமும் செயலும் அவ்விடத்து ஒன்றையொன்று தொடர்ந்து வருகின்றன.

மலையோ குளவியைப் போன்றதன்று. மழைநீர் மண்ணினுள் மெல்ல இறங்கித் துகள்களுக்கு இடையிலுள்ள வெளியை நிரப்புகின்றது. நீரின் அழுத்தம் மிகும்போது மண்ணைப் பாறையோடு பிணித்திருந்த உராய்வு குறைகின்றது. காடழித்து நட்ட சரிவுகளில் நீரை வடித்துச் செல்ல ஒரு காலத்தில் ஒழுங்காகக் கான் வெட்டினர். கான்கள் தூர்ந்துபோன இடங்களில் நீர் நிலத்தினுள்ளேயே தங்குகின்றது. சுவரிலே ஒரு வெடிப்பு; சாய்ந்து நிற்கும் ஒரு மரம்; புதிதாகக் கலங்கி வரும் ஊற்று. இவையே அதன் அறிகுறிகள். இவற்றைக் கண்டு இதயம் விரைவதில்லை. 2005ஆம் ஆண்டு எச்சரிக்கைக்கும் 2014ஆம் ஆண்டு அழிவுக்கும் இடையில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட காலைகள் விடிந்தன. அவற்றுள் ஒவ்வொன்றிலும் மலை நின்ற இடத்திலேயே நின்றது. இயல்பூக்கம் என்பது அனுபவத்தினால் பழக்கப்படுவது. மூவாயிரம் நாட்கள் நிகழாத ஒன்றுக்கு ஒவ்வொரு நாளும் அஞ்சிக்கொண்டிருக்க எவ்வுடலாலும் இயலாது. கொழும்பிலே கடற்கரையில் வாழும் செல்வந்தனுக்கும் இது பொருந்தும். லயத்தில் வாழ்பவனுக்கு மட்டும் உரிய குறைபாடன்று.

ஆகவே மெதுவாக வரும் ஆபத்திற்கு இயல்பூக்கம் துணையாகாது. ஆய்வும் கணக்கும் துணையாக வேண்டும். அத்துணை கிடைத்த பின்னரும் மக்கள் ஏன் அகலவில்லை என்பதே அடுத்த வினா. இதற்கு விடை காணத் தொல்காப்பியம் கூறிய நான்கு நிலைக்களன்களை மீண்டும் நோக்குதல் தகும்.

அந்நான்கும் தோட்ட வாழ்வில் உண்டு. காட்டோரத்துச் சிறுத்தையும் குளவியும் பாம்பும் விலங்கினால் வரும் அச்சம். முனியும் மாடசாமியும் அணங்கினால் வரும் அச்சம். 1977இலும் 1983இலும் இரவுகளிலே தீப்பந்தங்களோடு வந்தவர்கள் கள்வரினும் கொடியவர். 1983 யூலையில் பதுளை நகரத்தில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்ததைக் கண்ட தலைமுறை இன்னும் உள்ளது. நான்காவதாகிய இறைக்குத் தோட்டத்தில் துரை என்று பெயர். வேலை, வீடு, மருந்து, பிள்ளைக்காம்பரா யாவும் ஒரு காலத்தில் ஒரே அதிகாரத்தின் கையில் இருந்தன. இந்நான்கு அச்சங்களுக்கும் முகம் உண்டு. காலின் கீழுள்ள மண்ணுக்கு அஞ்சும் ஐந்தாவது அச்சத்துக்கு முகம் இல்லை. முகமுள்ள அச்சங்களால் நெருக்கப்பட்டவனுக்கு முகமில்லாத அச்சத்தை எண்ணிப்பார்க்க நேரம் வாய்ப்பதில்லை.

நாள் தவறாது வேலைக்குச் சென்று ‘பேர்’ விழுந்தால்தான் அன்றைய கூலி. பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். இடம்பெயர்ந்து சென்றால் நாளைக்கே பேர் இல்லை. மலை சரிவதோ என்றோ ஒருநாள் நிகழலாம், நிகழாமலும் விடலாம். நிச்சயமான இழப்பையும் நிச்சயமற்ற அழிவையும் ஒருவன் நிறுத்துப் பார்க்கும்போது முதலாவது கனமாகத் தோன்றுவது அறியாமையன்று. வறியவனின் கணக்கு அவ்வாறே அமையும். அன்றியும் எங்கே செல்வது? லயத்துக் காம்பரா அதில் வாழ்பவனுக்குச் சொந்தமானதன்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. உரிமையாளர் மாறினர், மலையிலே நான்கு தலைமுறை உழைத்தவன் காணியற்றவனாகவே இருந்தான். ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்னும் திட்டங்கள் மிகப் பிந்தியே வந்தன. போ என்று எச்சரிக்கை சொன்னது. போகுமிடத்தை எவரும் சொல்லவில்லை.

இந்நிலை தற்செயலாக ஏற்பட்டதன்று. போவதும் இருப்பதும் பிறர் கையில் இருந்ததே தோட்டச் சமூகத்தின் வரலாறு எனலாம். கங்காணி முறை நிலவிய காலத்தில் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குச் செல்ல வேண்டுமாயின் ‘துண்டு’ என்னும் கடன் சீட்டு வேண்டும். கடன் தீராதவன் துண்டு பெறான். துண்டில்லாதவனுக்கு வேறெங்கும் வேலையில்லை. 1921இலேயே அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களில் மிகப் பெரும்பாலோரை எந்நாட்டினரும் அல்லாதோர் ஆக்கியது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என இரு அரசுகளும் முடிவு செய்தன. எண்ணப்பட்டவர்களிடம் எவரும் கேட்கவில்லை. அவ்வொப்பந்தத்தின் ஐம்பதாவது ஆண்டு நிறைவுக்கு முந்திய நாளில் மீரியபெத்தை சரிந்தது. இரண்டுக்கும் காரண காரியத் தொடர்பு இல்லை. எனினும், போக விரும்பாதவனைப் போகச் செய்ததும் போக வேண்டியவனைப் போகவிடாததும் ஒரே நிலைமையின் இரு முகங்கள் என்பதை அந்நாள் நினைவூட்டுகின்றது.

ஆளும் ஆற்றல் மறுக்கப்பட்ட மனிதன் அவ்வாற்றலுக்கான வேட்கையையும் விட்டுவிடுவானா? விடுவதில்லை என்பதற்குத் தோட்டத்து வழிபாடே சான்று. தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்துக்கு ஒரு தெய்வம் உண்டு. ரோதைமுனி என்பது பெயர். கூரிய கத்தியோடு செடிகளை வெட்டும் கவ்வாத்துக் காலத்துக்கெனக் கவ்வாத்துச்சாமி உண்டு. இவற்றை மூடநம்பிக்கை என ஒதுக்குவது எளிது. மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி திரோபிரியந்துத் தீவினரைப் பற்றி 1925இல் எழுதிய கட்டுரையில் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். பாதுகாப்பான உட்கழியில் மீன்பிடிக்கும்போது அவர்கள் மந்திரச் சடங்கு எதுவும் செய்வதில்லை; ஆபத்து நிறைந்த ஆழ்கடலுக்குச் செல்லும்போதே விரிவான சடங்குகளைச் செய்கின்றனர். தன் திறமை எட்டும் இடத்தில் மனிதன் திறமையை நம்புகின்றான்; எட்டாத இடத்தில் சடங்கினாலேனும் அவ்விடைவெளியை நிரப்புகின்றான். கை துண்டாகக்கூடிய சக்கரத்தின் முன்னே ரோதைமுனி தோன்றியதற்கும் காரணம் அதுவே. சடங்கு மலையைத் தாங்கி நிறுத்தாது என்பது உண்மை. தன் வாழ்வு தன் கையில் இருக்க வேண்டும் என்னும் உணர்வு எந்நிலையிலும் அணைவதில்லை என்பதும் அதே சடங்கு காட்டும் உண்மையே.

இவ்விடத்தில் உளவியல் ஆய்வொன்று கருதத்தக்கது. 1967இல் செலிக்மன், மேயர் ஆகிய இருவரும் நாய்களைக் கொண்டு நடத்திய சோதனைகளின் முடிவை வெளியிட்டனர். மின்னதிர்ச்சியைத் தாமே நிறுத்தும் வசதியிருந்த நாய்கள், பின்னர் தாண்டக்கூடிய தடுப்பொன்றின் முன் விடப்பட்டபோது தாண்டித் தப்பின. அவ்வசதியில்லாது அதிர்ச்சியைப் பெற்ற நாய்களுட் பெரும்பாலானவை தாண்ட முயலாது கிடந்தன. எச்செயலும் பயன்படாது என அவை கற்றுக்கொண்டன என அறிஞர் விளக்கினர். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளின் பின்னர், 2016இல், அவ்விருவருமே தம் விளக்கத்தைத் தலைகீழாக மாற்றினர். நீடித்த துன்பத்தின் முன் செயலற்றுப்போதல் கற்கப்படுவதன்று. அது உடலின் முதனிலை. தன்னால் மாற்ற முடியும் என்பதே கற்கப்படுவது. மூளை அதனைக் கண்டறிந்த பின்னரே செயலற்ற நிலை நீங்குகின்றது என அவர்கள் எழுதினர்.

விலங்கைக் கொண்டு மனிதனை முழுவதும் அளத்தல் தகாது. எனினும் இத்திருத்தம் அறவியல் நோக்கிலும் பெரிது. வாளாவிருப்பவனை நோக்கி ‘ஏன் இவ்வாறானாய்?’ என வினவுவதை விட்டு, ‘உன்னால் முடியும் என்பதை அறியும் வாய்ப்பு உனக்கு என்று கிடைத்தது?’ என வினவ வேண்டும் என்பதை அது உணர்த்துகின்றது. ஊவாவின் வரலாற்றில் அவ்வாய்ப்புக் கிடைத்த நாட்களும் உண்டு. 1940இல், லங்கா சமசமாஜக் கட்சியினர் தோட்டங்களில் தொழிற்சங்கம் அமைத்த காலத்தில், பதுளையை அடுத்த வெவெஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர் தமக்கென ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்தனர். துரை அக்குழுவைக் கலந்தே செயற்பட வேண்டும் என்னும் உடன்பாட்டையும் பெற்றனர். அது நெடுங்காலம் நிலைக்கவில்லை. நிலைத்ததா என்பது இங்கு வினாவன்று. வாயில்லாப் பூச்சிகள் என எண்ணப்பட்டவர்கள், வழி சிறிது திறந்த அளவிலே, தம் வாழ்வைத் தாமே ஆள முனைந்தனர் என்பதே கருதத்தக்கது. விதியை நம்பி முடங்கியவர் என்னும் கூற்றுக்கு அதுவே மறுமொழி.

இனி மறுதரப்பின் வலுவான வாதமொன்றை ஆராய வேண்டும். உலகில் எவையெல்லாம் மனிதன் வசப்பட்டவை, எவையெல்லாம் வசப்படாதவை எனப் பிரித்தறிந்து, வசப்படாதவற்றின்பால் பற்றும் அச்சமும் ஒழிப்பதே விடுதலை எனக் கிரேக்க ஞானி எபிக்டேட்டஸ் கற்பித்தார். அவர் அடிமையாக வாழ்ந்தவர். ஆதலின் அவர் சொல் வெறும் ஏட்டுச் சொல்லன்று. கீழைத்தேயச் சமயங்கள் பலவும் இதனோடு ஒத்த கருத்துடையன. மழையும் மலையும் மனிதன் வசப்பட்டவை அல்ல. ஆதலால் அவற்றை ஆள முனைவதை விட்டு உள்ளத்தை ஆள்வதே தக்கது என்பது இவ்வாதம்.

இவ்வாதத்தில் ஆழ்ந்த உண்மை உண்டு. மீரியபெத்தையில் உயிர் தப்பியவர்கள் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் நீண்ட காலம் தங்கி, 2016இல் மகல்தெனியாவில் கட்டப்பட்ட 75 வீடுகளுக்குச் செல்லும்வரை, தம்மைத் தாமே தாங்கிக்கொண்டது உள்ளத்தின் ஆற்றலாலேயேயன்றிப் பிறிதொன்றால் அன்று. ஆயினும் வசப்பட்டதற்கும் வசப்படாததற்கும் இடையிலுள்ள எல்லைக்கோட்டை வரைந்தவர் யார் என எபிக்டேட்டஸ் வினவவில்லை. அக்கோட்டின் ஒரு பகுதியை இயற்கை வரைந்தது. மறுபகுதியைச் சட்டமும் சீட்டும் காணி உறுதியும் வரைந்தன. மழை பெய்வது இயற்கை. மழை பெய்யும் சரிவின் கீழேயே ஒருவன் உறங்க வேண்டியிருப்பது இயற்கையன்று. மனிதர் வரைந்த கோட்டை இயற்கை வரைந்த கோடு எனக் காட்டுவதே விதி என்னும் சொல்லின் மிகப்பெரிய தீங்கு. பாதிக்கப்பட்டவன் அச்சொல்லைச் சொல்வது ஆறுதல். பொறுப்புடையவன் அச்சொல்லைச் சொல்வது ஏய்ப்பு.

ஆளும் வேட்கைக்கு எல்லையே வேண்டாமா என்பது அடுத்த ஐயம். வேண்டும். ஊவா மலைகளே அதற்கும் சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காட்டை வெட்டிக் கோப்பி நட்டவர்கள் மலையை முற்றாக வென்றதாகவே எண்ணினர்; 1869இல் தோன்றிய இலைநோய் அத்தொழிலைச் சில ஆண்டுகளில் வீழ்த்தியது. தேயிலை வந்தது; காடு திரும்பவில்லை. அண்மைக் காலத்தில் உமாஓயாவின் நீரை மலையைக் குடைந்து தென்கிழக்கு வரண்ட நிலத்துக்குக் கொண்டுசெல்லும் திட்டம் மேற்கொள்ளப்பட்டது. 2014 டிசம்பரில் சுரங்கத்தினுள் நீர் பாயத் தொடங்கியது. பண்டாரவளையிலும் சூழவுள்ள ஊர்களிலும் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. திட்டம் நிறைவேறி 2024இல் திறந்துவைக்கப்பட்டது. மின்சாரமும் பாசன நீரும் கிடைக்கின்றன. அதன் பயனை மறுத்தல் நேர்மையன்று. ஆனால் ஆண்டவர் ஒருவர், ஆபத்தைச் சுமந்தவர் வேறொருவர் என்பதை மறைத்தலும் நேர்மையன்று. மலையின் கீழ் வாழாதவர் மலையை ஆள முனைவது ஒருவகை ஆளுகை. மலையின் கீழ் வாழ்பவர் தம் வாழ்வை ஆள முனைவது வேறொரு வகை. முன்னையது ஆசை, பின்னையது தேவை. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்து ஒரே தராசில் கண்டித்தல் சிந்தனைப் பிழையாகும்.

இங்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வேறிடம் தந்தபின்னும் சிலர் செல்ல மறுப்பர். கோயில், சுற்றம், காய்கறித் தோட்டம், பெற்றோரைப் புதைத்த மண் ஆகியவை அவர்களை நிறுத்தும். அவர்களை வலிந்து அகற்றலாமா? உயிரைக் காப்பது அரசின் கடமை என்பார் ஒருசாரார். தன் வாழ்வைத் தான் ஆளும் உரிமையில் தவறிழைக்கும் உரிமையும் அடங்கும் என்பார் மறுசாரார். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில், மழை கொட்டும் இரவில், அரசு கையைப் பற்றி இழுத்துச் செல்வதைக் குறைகூற இயலாது. எனினும் அவ்வற்புறுத்தல் அறமாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மழையில்லாத பகற்பொழுதில் அம்மக்களிடம் கேட்டு, அவர்கள் ஏற்கும் நிலமும் வேலைக்குச் செல்லும் வழியும் முன்னரே தரப்பட்டிருக்க வேண்டும். பகலில் கேளாதவன் இரவில் கட்டளையிடும் தகுதியை இழக்கின்றான்.

காலம் இவ்வினாவை ஒத்திவைக்க விடவில்லை. 2023 மார்ச்சில் பூனாகலைக் கபரகலைப் பகுதியில் மண் சரிந்து லயத்துக் குடும்பங்கள் வீடிழந்தன. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியின்போது மலைநாடெங்கும் சரிவுகள் நிகழ்ந்தன. நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் இறந்தனர். மிகவும் தாக்குண்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. மீரியபெத்தை தனித்த நிகழ்வு என இனி எவரும் கூற இயலாது.

மண்சரிவு அபாயமுள்ள ஊர்களிலே மக்களிடம் எளிய மழைமானிகள் கொடுக்கப்பட்டுள்ளன. ஒருநாளில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு. 100 ஆனால் ஆயத்தம். 150 ஆனால் வெளியேறுதல் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோல். லயத்து வாயிலில் நின்று அக்குழாயில் நீரின் மட்டத்தைப் பார்க்கும் ஒரு தாயின் செயலில் இக்கட்டுரை ஆராய்ந்தவை யாவும் அடங்குகின்றன. முகமற்றிருந்த ஐந்தாவது அச்சத்துக்கு அவ்வளவுகோல் ஒரு முகம் தருகின்றது. இயல்பூக்கம் உணர்த்தத் தவறியதை எண் உணர்த்துகின்றது. அச்சம் அங்கு அறிவாகின்றது.

ஆனால் 150 என்னும் கோட்டை நீர் எட்டிய இரவில் அவள் பிள்ளைகளை எழுப்பி எங்கே அழைத்துச் செல்வாள் என்பதை மழைமானி சொல்லாது. அதற்கு விடை நிலத்திலும் சட்டத்திலும் உள்ளது. அவ்விடை கிடைக்கும்வரை அவள் அறிவு அவளுக்கே சுமையாகும். மனிதனை அஞ்சாதே எனக் கற்பிப்பது முற்காலத்து அறம். அஞ்சத்தக்கதற்கு அஞ்சு எனக் கற்பிப்பது அதனினும் மேலான அறம். அஞ்சியவன் அகன்று வாழ ஓரிடத்தை முன்னரே அமைத்து வைப்பது, இவ்விரண்டையும் கற்பிக்கும் உரிமையைத் தரும் அறம். இம்மூன்றாவதைச் செய்யாத சமுதாயம் முதலிரண்டையும் மலையின் கீழ் வாழ்பவனுக்குப் போதிக்கத் தகுதியுடையதன்று.